தீக்குச்சியில் கைமரம், வெடிக்குழாயில் தூண்

மற்ற ஊர்களில் ஆர்க்கிடெக்சர் படிக்கும் பிள்ளைகள் மாடல் செய்வதற்குப் பால்சா மரமும் ஃபோம் போர்டும் வாங்கியே அப்பாவின் பையைக் காலி செய்கிறார்கள். சிவகாசியில் பிறந்தவளுக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. இங்கே மாடல் சாமான் தெருவிலேயே விளைகிறது! மருந்து முக்காத தீக்குச்சி கைப்பிடி கைப்பிடியாகக் கிடைக்கும். அச்சகத்து வாசலில், காலண்டர் அட்டை வெட்டியதில் மிஞ்சிய ஓரத்துண்டுகள் சாக்கு சாக்காக நிற்கும். “எடுத்துக்கவாண்ணே?” என்று கேட்டால் போதும். அப்புறம் குழாய். பட்டாசுக்காக உருட்டிக் காயவைத்த, மருந்து ஏறாத வெறும் காகிதக் குழாய். பிஜிலி வெடிக் குழாய் ஒன்றை 1:50 மாடலில் நிறுத்திப் பாருங்கள், அசல் அளவில் ஓரடி கனத்துக்குத் திண்ணைத் தூண். தீக்குச்சியைச் சாய்த்து அடுக்கினால் ஓட்டு வீட்டுக் கைமரம். புஸ்வாணத்தின் காலிக் கூம்பு ஒன்று சிக்கிவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தையே மேசைமேல் எழுப்பிவிடலாம் என்று தோன்றும். தோன்றும், அவ்வளவுதான். கூம்புக்கும் கோபுரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று ஜூரியில் உட்காருகிறவர்கள் விளக்கமாகச் சொல்வார்கள்.

ஜூரி என்றால் கோர்ட்டு இல்லை. நாம் வரைந்ததைச் சுவரில் மாட்டிவிட்டு, வெளியிலிருந்து வந்த ஆர்க்கிடெக்டுகள் முன்னால் நின்று பதில் சொல்லும் நாள். அன்றைக்குப் பார்க்கிறவர்களுக்கு எல்லாம் பளபளவென்று தெரியும். வழவழப்பான ஷீட், பச்சைப் புல், அந்தப் புல்மேல் நடந்துபோகும் வெளிநாட்டுப் பெண்மணி (ரெண்டரிங் மென்பொருளில் அவர்தான் இலவசம்). இன்று உங்களைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போகிறேன். செருப்பைக் கழற்றாமலே வாருங்கள், தரையெல்லாம் கட்டர் பிளேடு.

முதலில், என் படிப்பு என்ன என்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் இன்னும் “சிவில்தானே படிக்கிற?” என்றுதான் கேட்கிறார்கள். சிவில் இல்லை. நாட்டா என்ற நுழைவுத் தேர்வு எழுதிச் சேருகிற பி.ஆர்க்., ஐந்து வருஷம். பத்து செமஸ்டரில் ஒன்று ஏதாவதோர் ஆர்க்கிடெக்ட் ஆபீசில் பயிற்சி. 1972-ம் வருஷத்து ஆர்க்கிடெக்ட்கள் சட்டப்படி, அதற்கென்று உள்ள கவுன்சிலில் பதிவு செய்த பிறகுதான் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டுக்கொள்ளலாம். அதுவரை அக்கம்பக்கத்தில் வாஸ்து கேட்கிறவர்களுக்கு இலவச ஆலோசகர்.

இந்த முறை ஸ்டூடியோ என்கிற வடிவமைப்பு வகுப்பில் இரண்டு வேலை. ஒன்று, பட்டாசுத் தொழிலாளி குடும்பத்துக்கு ஒரு வீடு. இன்னொன்று, விருதுநகரில் ஒரு பொது இடம். கேட்டதுமே எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முந்தின முறை கொடுத்தது மலைவாசஸ்தலத்தில் ரிசார்ட். நான் பார்த்த மலைவாசஸ்தலம் காலண்டர் படத்தில் அச்சானது மட்டும்.

ஒரு ரகசியம் சொல்லட்டுமா? ஷீட்டில் முதல் கட்டத்தில் பெரிய எழுத்தில் ‘கான்செப்ட்’ என்று ஒன்று இருக்கும். விதை முளைப்பது, சிப்பி திறப்பது, கை கூப்புவது மாதிரி ஒரு படம், பக்கத்தில் அம்புக்குறி, கடைசியில் கட்டடம். அந்தப் படத்திலிருந்துதான் கட்டடம் பிறந்தது என்று நீங்கள் நம்புவீர்கள். எங்களில் முக்கால்வாசிப் பேர் அதை ஜூரிக்கு முந்தின ராத்திரி இரண்டு மணிக்குத்தான் வரைகிறோம். கட்டடம் பிறப்பது வேறெங்கோ. டீ கறை படிந்த பட்டர் பேப்பரில், ஒன்றின்மேல் ஒன்றாகப் பத்து அடுக்குக் கோட்டில், யாராவது ஓர் அத்தை சொன்ன ஒரு வார்த்தையில்.

குழாயை விட்டு நகர மனசில்லை, இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் ஷிகெரு பான் என்று ஓர் ஆர்க்கிடெக்ட். காகிதக் குழாயையே தூணாகவும் சுவராகவும் நிறுத்திக் கட்டடம் கட்டுகிறவர். 1995-ல் கோபே நகரம் நிலநடுக்கத்தில் நொறுங்கியபோது, மணல் நிரப்பிய பீர் பெட்டிகளை அடியில் அடுக்கி, மேலே குழாய்ச் சுவர் எழுப்பி, வீடிழந்தவர்களைக் குடிவைத்தார். 2001-ல் புஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு அதே வீடு குஜராத்துக்கும் வந்தது. அங்கே பீர் பெட்டிக்கு எங்கே போவது? இடிந்த கட்டடங்களின் கல்லையே அடியில் போட்டு, மேலே மண்தரை மெழுகினார்கள். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2013-ல் ஒரு பேராலயமே அப்படி எழுந்தது. மறு வருஷம் அவருக்குப் பிரிட்ஸ்கர் விருது, எங்கள் துறையின் நோபல். ‘குட்டி ஜப்பான்’ என்று பெயர் வாங்கிய ஊரில் வீட்டுக்கு வீடு குழாய் உருட்டுகிறோம், பெரிய ஜப்பானில் அதைச் சுவராக்கி விருது வாங்குகிறார்கள்! இதை, குழாய் உருட்டும் எங்கள் அத்தையிடம் சொன்னேன். கை நிற்காமல் உருட்டிக்கொண்டே, “மழை பேஞ்சா?” என்றாள். ஜூரியில்கூட யாரும் இவ்வளவு சீக்கிரம் விஷயத்துக்கு வந்ததில்லை. (தண்ணீர் ஊறாத பூச்சு கொடுப்பார்கள், அத்தை. கேட்டு வைத்திருக்கிறேன்.)

சரி, வேலைக்கு வருவோம். எந்த இடத்தில் கட்டடம் வரைந்தாலும் முதலில் வெயிலைப் படிக்க வேண்டும். இதுதான் எனக்கு இந்தப் படிப்பிலேயே பிடித்த பகுதி. சிவகாசி ஏறக்குறைய ஒன்பதரை டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. அதனால் வருஷத்தில் இரண்டு தடவை உச்சிவேளையில் சூரியன் சரியாகத் தலைக்குமேல் வந்து நிற்கும். நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாது. முதல் தடவை எப்போது தெரியுமா? ஏப்ரல் 14, 15 வாக்கில். சித்திரை ஒண்ணு! ஊரே கனி பார்த்துப் பாயசம் குடிக்கிற நாளை ஒட்டி, கடிகாரத்தில் 12:20 ஆகும்போது, மொட்டைமாடியில் ஒரு பிஜிலிக் குழாயை நிறுத்திப் பாருங்கள். நிழல் காணாமல் போயிருக்கும். இரண்டாவது தடவை ஆகஸ்ட் கடைசியில். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள நாலரை மாசம் உச்சிவெயில் நமக்கு வடக்கேயிருந்து வருகிறது. ‘வடக்கு ஜன்னலுக்கு நிழல் தேவையில்லை’ என்று எந்தப் புத்தகமாவது சொன்னால், அது நமக்கு ரொம்ப வடக்கே உட்கார்ந்து எழுதியது. எங்கள் ஊரில் வடக்குச் சுவருக்கும் சன்ஷேடு வேண்டும். இந்த ஒரு கணக்கைக் கண்டுபிடித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அடுத்தது, ஆலை. தொழிலாளியின் வீட்டை வரைய வேண்டுமானால் பகலெல்லாம் அவர் இருக்கும் இடத்தைப் பார்க்காமல் எப்படி? போர்மேனாக இருக்கும் ஒரு மாமா, வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அழைத்துப்போனார். வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நைலான், பாலியஸ்டர் கூடாது, பருத்திதான். அறைக்குள் நுழையுமுன் செருப்பு வெளியே, பதித்துவைத்த செம்புத் தகட்டில் கை. உடம்பில் ஏறியிருக்கும் நிலைமின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிட வேண்டும். உள்ளே இரும்புச் சாமான் கிடையாது.

நான் எதிர்பார்த்தது ஒரு பெரிய கூடம், வரிசை வரிசையாக ஆட்கள். பார்த்தது வேறு. கரட்டு நிலத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்ன அறைகள், நடுவே வேப்பமரமும் வெட்டவெளியும். மருந்து கலக்க ஓர் அறை, குழாயில் செலுத்த ஓர் அறை, திரி வைக்க ஓர் அறை, காயவைக்க ஒரு மேடை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் எத்தனை மீட்டர் என்பது லைசென்ஸ் வரைபடத்திலேயே இருக்கும். நாக்பூரில் தலைமையகம் வைத்திருக்கும் வெடிபொருள் துறை அதைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடும். ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது என்பது இங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கதவுகள் ஒன்றுக்கு மேல், எல்லாம் வெளிப்பக்கம் திறப்பவை.

“கதவுக்கு எதிர்ல ஒண்ணும் வைக்கக் கூடாது தாயி,” என்றார் மாமா. “ஓடுறவனுக்கு யோசிக்க நேரம் இருக்காது.”

எனக்கு இதைவிடச் சுருக்கமாக யாரும் பிளான் வரையச் சொல்லித்தந்ததில்லை. திரும்பி வந்ததும் நூலகத்தில் தேடினேன். வெடிமருந்துக் கட்டடம் என்பது உலகத்தில் தனி ஜாதி. அமெரிக்காவில் பிராண்டிவைன் ஆற்றங்கரையில், இ.ஐ. டுபாண்ட் என்பவர் 1802-ல் தொடங்கிய வெடிமருந்து ஆலை இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்குள்ள ஆலைக்கூடங்களுக்கு மூன்று பக்கம் மலை மாதிரிக் கல்சுவர். ஆற்றைப் பார்த்த நாலாவது பக்கமும் கூரையும் மட்டும் லேசான பலகை. வெடித்தால் அழுத்தம் ஆற்றுப்பக்கம் போய்விடும், பக்கத்துக் கூடத்தில் இருப்பவன் பிழைப்பான். சுவரை எங்கே பலமாகக் கட்ட வேண்டும் என்று எல்லாப் பாடத்திலும் உண்டு. எங்கே பலவீனமாகக் கட்ட வேண்டும் என்று யோசித்த கட்டடத்தை முதல்முறையாகப் பார்த்தேன்.

அந்த இடைவெளியும் ஆள் கணக்கும் மீறப்பட்டால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்துக் கிட்டத்தட்ட நாற்பது பேர் போனார்கள். அவர்களில் நிறையப் பேர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே இல்லை. முதல் சத்தம் கேட்டு, உதவலாம் என்றும் என்ன என்று பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். தள்ளி நில் என்று ஆளுக்கு ஆள் கத்தித் தடுக்க முடியாது, தள்ளி நிற்கிற மாதிரி நிலத்தையே வரைந்திருக்க வேண்டும். இதைப் பற்றி இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

ஆலைக்குப் போய்வந்த அன்றைக்கு ராத்திரி வகுப்புத் தோழர்கள் சேர்ந்து ஒரு விளையாட்டு விளையாடினோம். ஜியாம்பத்திஸ்தா நோல்லி என்பவர் 1748-ல் ரோம் நகரத்துக்கு ஒரு வரைபடம் போட்டார். தனியார் கட்டடமெல்லாம் கறுப்பு. தெரு, சதுக்கம், யாரும் நுழையக்கூடிய தேவாலயத்தின் உட்புறம் எல்லாம் வெள்ளை. ஊரில் ஒரு சாமானியன் எங்கெங்கே காலாற நிற்கலாம் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அதே மாதிரி நாங்களும் கறுப்பு மையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். சிவகாசி டவுன் முடிந்தபோது தாள் ஒரே கறுப்பு, நடுவே நூல் நூலாகச் சந்துகள், சிவன் கோயிலும் பத்ரகாளியம்மன் கோயிலும் மட்டும் கொஞ்சம் மூச்சுவிட்டன. அடுத்து மாமாவின் ஆலை. தாள் முழுக்க வெள்ளை, அங்கங்கே கறுப்புப் புள்ளி! இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைத்துவிட்டு எல்லோரும் பேசாமல் நின்றோம். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். ஒரே குடும்பம் பகலில் அந்த வெள்ளையிலும் ராத்திரியில் இந்தக் கறுப்பிலும் வாழ்கிறது. வெடிமருந்துக்கு நாம் விடுகிற இடத்தில் பத்தில் ஒரு பங்கை மனுஷருக்கு விட்டிருக்கிறோமா?

அந்த நிமிஷத்திலிருந்து என் இரண்டு புராஜெக்டும் ஒரே புராஜெக்ட் ஆகிவிட்டன. கட்டடத்தை வரைவது அல்ல, காலியிடத்தை வரைவது. சுவர் சும்மா அதற்கு ஓரம்.

வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2024-ல் தமிழக அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் கிராமத்துக் குடிசைக்குப் பதிலாக 360 சதுர அடி வீடு, மூன்றரை லட்சம் ரூபாய். அந்த 360-ல் 300 கான்கிரீட் தளம், மிச்சம் 60 ஓடு அல்லது தீப்பிடிக்காத வேறு கூரை. எங்கள் ஆசிரியர் இந்தக் கணக்கையே வைத்துக்கொள்ளச் சொன்னார். வகுப்பில் எல்லோரும் 300-க்குள் ஹால், படுக்கை, சமையல், கழிப்பறை என்று அடைக்கப் போராடினார்கள். எனக்கு அந்த 60-தான் கண்ணில் நின்றது.

ஏனென்றால் அத்தை. ஆலையில் செய்யும் வேலை போக, வீட்டில் செய்யும் வேலை ஒன்று இருக்கிறது. மருந்தை வீட்டுக்குக் கொண்டுவருவது சட்டப்படி குற்றம், ஆனால் குழாய் உருட்டுவதும் பெட்டி ஒட்டுவதும் வீட்டு வாசலில் நடக்கிறவை. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. “ஹாலு பெருசா வேணாம் தாயி,” என்றாள் அத்தை, “வாசலு பெருசா இருக்கட்டும்.” சரி, அந்த அறுபதைப் பன்னிரண்டுக்கு ஐந்து அடியில் ஒரு திண்ணையாக இழுத்தேன். எந்தப் பக்கம் வைப்பது? இங்கேதான் எனக்குக் குதிக்க வேண்டும்போல் ஆனது. கிழக்கே வைத்தால் காலை வெயில் வாசலில் விழும், உருட்டின குழாய் காயும். மத்தியானத்துக்கு மேல் வீட்டின் நிழலே திண்ணையில் விழும், உட்கார்ந்து வேலை செய்யலாம். ஆடிக்காற்று மேற்கும் தென்மேற்குமாக அடிக்கும்போது வீடே மறைப்பாக நிற்கும், காகிதம் தெருவில் பறக்காது. காய, உட்கார, பறக்காமலிருக்க, மூன்றுக்கும் ஒரே விடை! இப்படி ஒரு கோடு மூன்று கேள்விக்குப் பதில் சொல்லும் நொடிக்காகத்தான் இத்தனை தூக்கத்தையும் தொலைக்கிறோம்.

திண்ணைக்கு எத்தனை அகலம்? எங்கள் துறையின் பெரிய அளவுப் புத்தகம் 1936-ல் எர்ன்ஸ்ட் நோய்ஃபெர்ட் என்ற ஜெர்மானியர் போட்டது. நாற்காலியும் மேசையும் படுக்கையும் அதில் ஏராளம். நம் நாட்டு உடம்புக்கு, தரையில் உட்காரும் இருப்புக்கு, தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-ல் வெளியிட்ட தேவ்குமார் சக்கரவர்த்தியின் அளவுப் புத்தகம் இருக்கிறது. இரண்டையும் புரட்டிவிட்டு, கடைசியில் டேப்பை எடுத்துக்கொண்டு அத்தையையே அளந்தேன். சம்மணம் போட்டால் ஓர் அளவு. அரை மணி நேரம் கழித்து ஒரு காலை நீட்டினால் வேறு அளவு. சாயங்காலம் முதுகைச் சுவரில் சாய்த்து இரண்டு காலையும் நீட்டினால் அதுதான் நிஜ அளவு. “துணி தைக்கப் போறியா?” என்று தெருவே சிரித்தது. ஐந்தடி அகலம் வந்தது அப்படித்தான். சாய்வதற்குச் சுவர், நீட்டுவதற்குக் கால், அதற்கப்புறமும் ஒருவர் தாண்டிப்போக ஓரடி.

கீழே மண் சும்மா இருக்குமா? சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கமெல்லாம் கரிசல். மழை பெய்தால் உப்பும், வெயிலில் சுருங்கிப் பிளக்கும், கூடவே சுவரையும் இழுத்துக்கொண்டு பிளக்கும். அந்த உப்பலும் சுருக்கமும் கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர் ஆழத்தோடு நின்றுபோகும் என்பதால் அதுவரை துளை போட்டு, அடியில் குமிழ்போல் அகட்டி, கான்கிரீட் நிரப்புவது ஒரு வழி. ரூர்க்கியில் இருக்கும் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்த முறை. நல்ல முறை, ஆனால் மூன்றரை லட்சத்தில் கணிசமான பங்கு மண்ணுக்குள் போய்விடும். இன்னொரு வழி, கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டுச் சரள் கொட்டி இறுக்குவது, வீட்டைச் சுற்றித் தளம் போட்டுத் தண்ணீரைத் தள்ளி அனுப்புவது. நான் இரண்டாவதை எடுத்தேன். அதிலும் ஒரு வம்பு: வாசலுக்கு வேப்பமரம் வேண்டும், மரத்தின் வேர் கரிசலில் ஈரத்தை உறிஞ்சினால் அந்தப் பக்கம் மட்டும் மண் இறங்கும். மரம் எவ்வளவு உயரம் வளருமோ அவ்வளவு தூரம் தள்ளி நடு என்கிறார்கள். பார்த்தீர்களா, இங்கேயும் தூரம்! மரத்தைத் தெருவுக்கு எதிர்ச்சாரியில் நட்டு, நாலு வீட்டுக்கு ஒரே மரம் என்று வைத்தேன். நாலு வீட்டுக்கு ஒரு மரம் வந்ததும் அது தானாகவே ஒரு சின்னச் சாவடியாகிவிட்டது.

இந்த இடத்தில் மேலக்கோட்டையைச் சொல்லாமல் போக முடியாது. விருதுநகரிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில், திருமங்கலம் பக்கம், 1998-ல் திறந்த முதல் சமத்துவபுரம். நூறு வீடு. அடுத்தடுத்த வீட்டில் எந்தெந்தச் சாதியார் என்று கணக்குப் போட்டுக் கலந்து குடியேற்றிய திட்டம். வீட்டின் பிளானைப் பற்றி என் ஆசிரியர்களுக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனால் பக்கத்து வீடு யாருடையது என்பதையும் ஒரு வடிவமைப்புக் கேள்வியாக எடுத்துக்கொண்ட குடியிருப்பு வேறெது என்று நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

இனி விருதுநகர். ஜங்ஷனில் இறங்கி எண்ணெய்ப் புரோட்டா சாப்பிட்டுவிட்டுத்தான் சைட் ஸ்டடி தொடங்கும், அது எழுதாத விதி. இந்த ஊர் வியாபாரத்தில் வளர்ந்தது. பருத்தியும் மிளகாயும் எண்ணெயும் வண்டி வண்டியாக வந்த காலத்தில், வழிக்கொள்ளைக்குப் பயந்து வியாபாரிகள் பேட்டை கட்டினார்கள். சுற்றிலும் மதில், ஒரு வாசல், உள்ளே கிணறு, வண்டி நிறுத்த இடம், சரக்கு வைக்க இடம். வியாபாரத்தில் மகமை என்று ஒரு பங்கை எடுத்து எல்லோருக்கும் பொதுவான செலவைப் பார்த்தார்கள். காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலாவும் அப்படி வந்த பள்ளிக்கூடம்தான். அவர் பிறந்த வீட்டையும் பார்த்தோம். ஒன்பது வருஷம் முதலமைச்சராக இருந்தவரின் அம்மா கடைசிவரை வாழ்ந்தது இந்தச் சின்னத் தெரு வீட்டில். அதைப் பார்த்த பிறகு ‘வில்லா’ என்று தலைப்புப் போட்ட ஷீட்டைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டான் ஒருவன்.

நோல்லி விளையாட்டை இங்கேயும் ஆடினோம். பஜாரை ஒட்டி ஊர் நடுவில் தெப்பக்குளம் ஒரு பெரிய வெள்ளைச் சதுரமாக வந்தது. மாரியம்மன் கோயில் திடல் ஒரு வெள்ளை. பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுத்து வரும் கூட்டம் நிற்பதற்கென்றே அது காலியாகக் கிடக்கிறது. இன்னொரு வெள்ளை தேசபந்து மைதானம். அதைத்தான் எனக்கு ஒதுக்கினார்கள்.

தெரியுமா, இந்த மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்ற கோரிக்கையோடு சங்கரலிங்கனார் உண்ணாநோன்பு இருந்த இடம் அது. 1956 ஜூலை 27-ல் தொடங்கினார், அக்டோபர் 13-ல் மதுரை மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. பெயர் சட்டப்படி வந்தது 1969-ல். ஒரு கிழவர் வந்து உட்கார ஒரு மைதானம் திறந்து கிடந்தது என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கேட்டு போட்டு, டிக்கெட் வைத்து, புல்லில் உட்காராதே என்று பலகை மாட்டிய பூங்காவாக இருந்திருந்தால்?

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் மைதானத்தின் நடுவில் இசை நீரூற்று வைத்தார்கள். இரண்டு பேர் கண்ணாடிக் கூண்டு. ஒருவன் விருதுநகருக்குப் பொருத்தமாக என்று சொல்லி ராட்சத மிளகாய் வடிவில் ஓர் ஆம்பிதியேட்டர் வரைந்தான், அவனை எல்லோருக்கும் பிடிக்கும். நான் நடுவில் ஒன்றுமே வைக்கவில்லை. ஓரத்தை மட்டும் வரைந்தேன். மேற்கு ஓரத்தில் உட்காரும் உயரத்துக்குப் படிமேடை, பின்னால் மரவரிசை, சாயங்காலம் நாலு மணிக்கு நிழல் மேடையைத் தாண்டி விழும். வடக்கில் கழிப்பறையும் குடிதண்ணீரும், பெண்கள் தயங்காமல் போகும்படி வெளிச்சத்திலும் கண்பார்வையிலும். நாலு மூலையிலும் தள்ளுவண்டிக்கும் கூட்டத்துக்கும் மின் இணைப்பு. தரை நடுவிலிருந்து ஓரத்துக்கு லேசான சரிவு, மழைநீர் மரத்தடிக்குப் போகும். எந்தப் பக்கமும் பூட்ட முடியாத வாசல்கள். மாமா சொன்னதுபோல் ஒவ்வொரு வாசலுக்கும் எதிரில் ஒன்றும் இல்லை.

மாணவர்கள் செய்வதெல்லாம் பயிற்சிக்குத்தானே என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன். வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச்சுவரை வடிவமைத்த மாயா லின் 1981-ல் இருபத்தோரு வயது மாணவி. போட்டிக்கு வந்த 1,421 வரைவுகளில் அவருடையதுதான் வென்றது. முதல் மாடலைக் கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்தில் மசித்த உருளைக்கிழங்கில் செய்தாராம்! புர்கினா ஃபாசோவின் பிரான்சிஸ் கேரே, பெர்லினில் படித்துக்கொண்டிருக்கும்போதே தன் சொந்த ஊர் காண்டோவுக்கு மண்கல்லில் பள்ளிக்கூடம் கட்டி முடித்தார், 2001-ல். தகரக் கூரையைத் தனியாக உயர்த்திச் சூட்டை நடுவழியில் வெளியேற்றிய கட்டடம். பட்டம் வாங்கியது அதற்குப் பிறகுதான். பிரிட்ஸ்கர் 2022-ல்.

ஜூரிக்கு முந்தின நாள் வேறு ஒரு சிக்கல். உலகத்துக்கே அச்சடித்துக் கொடுக்கும் ஊரில், காலண்டர் சீசனில் ஆறே ஆறு ஷீட் பிரிண்ட் எடுக்க மெஷின் காலி இல்லை. “பிள்ளையார் படம் இன்னும் ஐம்பதாயிரம் ஓடணும், அப்புறம் பார்ப்போம் பாப்பா” என்றார் அச்சகத்து அண்ணன். பிள்ளையாரோடு போட்டி போடவா முடியும்? விடியற்காலையில் கிடைத்தது, மை முழுசாகக் காயாமல். அதைச் சுமந்துபோன எங்கள் முதுகில் யாராவது சரியாகத் தேடினால் தேசபந்து மைதானம் தெரியும்.

ஜூரியில் வந்த பெரியவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என் ஷீட்டை ரொம்ப நேரம் பார்த்தார்.

“நடுவுல என்னம்மா?”

“ஒண்ணும் இல்லை சார்.”

“வரைய மறந்துட்டியா?”

“இல்லை சார். வரைஞ்சிருக்கேன்.”

பக்கத்தில் இருந்த ஜூரி அம்மா நோல்லி பாணியில் போட்ட இரண்டு தாள்களையும் கேட்டு வாங்கி, சிவகாசியை ஒரு கையிலும் ஆலையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டார். கேள்விகள் அதற்குப் பிறகுதான் உண்மையில் ஆரம்பித்தன. சரள் எங்கிருந்து வரும், யார் வீட்டைத் தோண்டி? திண்ணையை நாலு வருஷத்தில் சுவர் எழுப்பி அறையாக்கிவிட மாட்டார்களா? (ஆக்குவார்கள். ஆனால் ஐந்தடியில் பெரிய கட்டில் போட்டால் நடக்க இடம் இருக்காது.) மைதானத்தில் ராத்திரி யார் பெருக்குவார்கள்? கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, ஷீட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன். தீக்குச்சிக் கைமரத்தை மட்டும் இரண்டு பேரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள், எரியுமா என்று.

அடுத்த செமஸ்டர் தலைப்பும் வந்துவிட்டது. விடியற்காலையில் ஆலை வேன்கள் ஊர் ஊராக ஆள் ஏற்றும் இடங்களுக்கு ஒரு நிறுத்தம். அத்தையிடம் சொன்னதும் குழாயைக் கீழே வைத்துவிட்டு விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டாள்: லைட்டு வேணும், தூக்குவாளி வைக்கத் திட்டு வேணும், வேன் வர்றது தூரத்துலயே தெரியணும், நாய் படுக்காம இருக்கணும், பக்கத்துல டீக்கடைக்காரன் கடை போட எடம் விடணும், அவன்ட்ட முன்னாடியே கேட்டு வச்சுக்க.